தக்கை அசையும் நேரம்

ஜிலேபி மீன் கடித்தால் தூண்டிலின் தக்கை பக்கவாட்டில் நகரும். கெளுத்தி என்றால் எந்த முன்னறிவிப்பும் கிடையாது. இருந்த தக்கை இருந்த இடத்திலேயே காணாமல் போகும். சில்லறைக் கெண்டைகள் கூடிவிட்டால் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும், உள்ளே போகாது. மிர்கால் மாதிரி அடியில் மேய்கிற மீன் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது நடப்பதுதான் விநோதம். ஈயத்தின் பாரம் குறைந்து, நட்டமாக நின்ற தக்கை மேலே எழும்பித் தண்ணீரின்மேல் படுத்துக்கொள்ளும். தெரியாதவன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். தெரிந்தவன் அந்த நொடியில் சுண்டுவான். ஆமை என்றால் அவசரமே இல்லாமல் ஒரு திசையில் போய்க்கொண்டே இருக்கும். நண்டு என்றால் சாயும், நிற்கும், மறுபடி சாயும்.

இவ்வளவையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில், நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் தண்ணீர் ஏறி நிற்கிற கரையோர ஊர்க்காரர். மானாவாரி நிலத்தில் ராகியும் நிலக்கடலையும் போட்டு வாழ்ந்தார். கோடையில் பாரதக் கூத்து நடந்தால் கட்டியங்காரன் வேஷம் அவருக்குத்தான். தூண்டில் போடத் தெரிந்தவர்களுக்கும் கூத்தாடத் தெரிந்தவர்களுக்கும் எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. தாத்தாவிடம் இரண்டும் ஒரே வித்தையாக இருந்தன. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்குப் பாட்டு இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, புஜகீர்த்தி இருக்கிறது. கட்டியங்காரனுக்கு எழுதிவைத்த வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர்களை வைத்து, அந்த ராத்திரிக்கே ஆன பேச்சை அவன் பேச வேண்டும். தாத்தா ஒரு கேள்வியைப் போடுவார். பதிலைச் சொல்லாமல் மத்தளக்காரர் பக்கம் திரும்பித் தலைப்பாகையைச் சரிசெய்வார். கூட்டம் காத்திருக்கும். ஒரு மூச்சு முன்னால் சொன்னால் சிரிப்பு வராது. ஒரு மூச்சு தாமதித்தால் கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்திருக்கும். அந்த இடைவெளியின் நீளத்தை ஒவ்வொரு ராத்திரியும் அவர் புதிதாக அளந்தார்; நேற்று சிரித்த ஊர் இன்றைக்கும் அதே இடத்தில் சிரிக்கும் என்று அவர் நம்பியதே இல்லை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் இதே கணக்குதான். நான் சிறுவனாக இருந்தபோது தக்கை லேசாக ஆடியதுமே தூண்டிலைச் சுண்டிவிடுவேன். வெறும் முள் பறந்து வந்து பின்னால் இருக்கிற வேலிக்காத்தான் செடியில் மாட்டும். தாத்தா திட்டவே மாட்டார். முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “டேய் கண்ணு, அவன் இன்னும் ஜோக்கே சொல்லல, அதுக்குள்ள கை தட்டிட்டியே” என்பார். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும். ஆனால் அடுத்த தடவை தக்கை ஆடும்போது அந்த வார்த்தைதான் என் கையைப் பிடித்து வைக்கும்.

தூண்டிலின் அழகு பிடித்துக்கொண்டு வந்த மீனில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது முக்கால்வாசி அதற்கு முன்னாலேயே முடிந்துபோகிறது. கழியில் ஆரம்பித்து, தக்கையில் ஏறி, சுண்டுகிற நொடியில் உச்சிக்கு வந்துவிடுகிறது. தாத்தாவின் கழி கல்மூங்கில். உள்ளே பொந்தில்லாத, கணுக்கள் நெருங்கிய மூங்கில் அது. ஈரம் காயும்வரை பரணில் கிடக்கும். பிறகு வேப்பெண்ணெய் தடவி, தணலில் வாட்டி, முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார். நுனியைச் சீவும்போது மட்டும் வீட்டில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. நுனி கனத்தால் மீன் கடிப்பது கைக்கு வந்து சேராது. மெலிந்தால் சுண்டுகிற வேகம் வளைவிலேயே செத்துவிடும், முள் மீனின் வாயில் ஏறாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கழியைக் காற்றில் வீசிப் பார்த்து, அது எழுப்புகிற சத்தத்தை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்.

தக்கை அவருடைய உயிர். ஊரில் எல்லோரும் நெட்டித் துண்டையோ ரப்பர் செருப்பை அறுத்த துண்டையோ கட்டிக்கொண்டிருந்த காலத்தில், காட்டோரம் உதிர்ந்து கிடக்கிற மயிலிறகைப் பொறுக்கி வந்து அதன் காம்பில் தக்கை செய்தார். விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனையையும் மெழுகு வைத்து அடைத்து, நுனிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார். அந்தச் சாயம் என் சித்தியின் நெயில் பாலிஷ். திருவிழாவுக்கு ஆசைப்பட்டு வாங்கிய புட்டி பாதியாகிக் கிடப்பதைப் பார்த்து சித்தி கத்தினால், “உன் விரலைப் பாக்க எவன் வரான், என் தக்கையைப் பாக்க ஆயிரம் மீன் வருது” என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்கு ஓடிவிடுவார். மறுநாள் அவரே புதுப் புட்டி வாங்கி வருவார். அதிலும் நல்ல சிவப்பாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

அந்தத் தக்கைக்கு ஈயம் கட்டுகிற விதத்தைப் பார்த்தால்தான் அவர் எப்பேர்ப்பட்ட தொழில்காரர் என்பது தெரியும். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, தங்கூசி நரம்பில் தக்கையைக் கோத்து உள்ளே விடுவார். ஈயத்தைக் கத்தியால் சீவிச் சீவிக் குறைப்பார். கடைசியில் சிவப்பு நுனி ஒரு நெல்லின் உயரத்துக்கு மட்டும் வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால், மீன் இரையை இழுக்கும்போது தக்கையின் எதிர்ப்பை உணர்ந்து துப்பிவிடும். அதற்குக் கீழே போனால் சிற்றலையே அதை முக்கிவிடும். குடிக்கிற தண்ணீர் அண்டாவில் ஈயத்தைப் போட்டதற்கு என் பாட்டி, எங்களுக்கு ஆயா, எத்தனை முறை சண்டை போட்டிருப்பாளோ தெரியாது. ஒருநாள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, “எங்க, இன்னும் கொஞ்சம் சீவு” என்று அவளே சொன்னாள்.

இரையிலும் ஆயாவின் கை உண்டு. தர்மபுரி ராகி விளைகிற சீமை, களி தின்கிற சீமை. காலையில் ஆயா களி கிண்ட உட்கார்ந்தால் தாத்தாவும் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். நொய் போடாமல், வெறும் மாவில் கெட்டியாக ஒரு பிடி அவருக்குத் தனியாக வேண்டும். “மொதல் உருண்டை மாப்பிள்ளைக்கு” என்பார். ஆற்று மீன் எல்லாம் அவருக்கு மாப்பிள்ளைதான். அந்தக் களியோடு கடலைப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்து, பருத்திப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைவார். பஞ்சின் இழை மாவைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் கரையாது, சின்ன மீன்கள் கொத்தினாலும் உதிராது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் போடுவார். ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்பி முடிக்கும்வரை அது உருண்டையாகவே கிடந்தால் புறப்படலாம்.

ராகி உருண்டையைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1978 வாக்கில் மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் காவிரியின் மஹ்சீர் மீனைத் தேடி வந்தார்கள். கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, காலிபோரே போன்ற இடங்களில் பின்னர் அதற்கென்றே முகாம்கள் நடந்தன. விதவிதமான கருவிகளோடு வந்தவர்கள் முள்ளில் கோத்தது என்னவோ உள்ளூர்க்காரர்கள் வேகவைத்து உருட்டிக் கொடுத்த ராகி உருண்டையைத்தான்.

தாத்தாவின் தூண்டிலில் மாட்டிய கட்லா, ரோகு, மிர்கால் எதுவும் காவிரியின் பூர்வகுடிகள் அல்ல. மீன்வளத் துறை குஞ்சு விட்டு வளர்த்தவை. ஜிலேபி 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குட்டைவரை நிறைந்துவிட்டது. கருமுழிக் கெண்டை மாதிரியான சொந்த மீன்கள் அருகிப்போயின. கடலிலிருந்து காவிரியில் எதிரேறி வந்த உல்லம் மீனின் பாதை மேட்டூர் அணை வந்த பிறகு அடைபட்டது. தாத்தா வந்த மீன், இருந்த மீன் என்று பேதம் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கருமுழிக் கெண்டை மாட்டினால் முகம் வேறு மாதிரி மலரும். பழைய கூட்டாளியிடம் பேசுகிறவர் மாதிரி அதனிடம் ஏதாவது கேட்பார்.

மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்தக் கணக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அணை நிரம்பும்போது தண்ணீர் ஒகேனக்கல் பக்கம்வரை பின்னால் ஏறி வரும். அப்படி ஏறிய தண்ணீர் எத்தனையோ ஊர்களையும் காடுகளையும் மூடியது. மூடிய காடுகளில் ஒன்று என் தாத்தாவின் அப்பாவுடையது. அப்போது தாத்தா கைக்குழந்தை. வளர்ந்த பிறகு அவர் தூண்டில் போட்டது தன் அப்பா ஏர் ஓட்டிய நிலத்தின்மேல். அதைத் துக்கமாகச் சொல்ல அவருக்கு வராது. “எங்கப்பன் உழுதாரு, இப்ப நான் மேல உக்காந்து அறுக்கறேன்” என்பார்.

ஆனால் அந்த நிலத்தை அவர் அறிந்திருந்த விதம்தான் அவருடைய கலையின் அடித்தளம் என்று இப்போது புரிகிறது. டெல்டாவுக்காக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பது வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் கோடைக்குள் மட்டம் வெகுவாக இறங்கிவிடும். அக்கரையில், சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியில், மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் போகும். எங்கள் கரையில் வெளியே வந்த சேற்று நிலத்தில் சோளமும் எள்ளும் விதைப்பார்கள். தாத்தா மட்டும் கையில் குச்சியோடு அந்த நிலத்தின் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். எங்கே கல்வரப்பு ஓடுகிறது, எந்த இடத்தில் வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டை நிற்கிறது, பழைய கிணற்று மேடு எது, ஓடை எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். கரையில் ஒரு பாறையையோ பனைமரத்தையோ நேர்க்கோடு பிடித்து அடையாளம் வைத்துக்கொள்வார். எதையும் எழுதியதில்லை.

ஆடியில் குடகு, வயநாடு பக்கம் மழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைந்து, புதுத்தண்ணீர் சிவப்பாக இறங்கி வரும்போது அந்த நிலம் மறுபடி மூழ்கும். அப்போது டீக்கடையில் பேப்பரை வாங்கி அவர் படிப்பது ஒரே செய்தியை: மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு. ஆற்றின் வரத்தை அளக்கிற பிலிகுண்டுலுவில் எவ்வளவு கன அடி என்று பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கொடுத்துவிடுவார். மட்டம் தெரிந்தால் அவருக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஊரே தெரிந்தது. இன்றைக்குப் புளியமரத்துக் கட்டைமேல் இரண்டு ஆள் ஆழம் நிற்கும், கல்வரப்போரம் இடுப்பளவுதான் இருக்கும் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். தண்ணீர் ஏறும்போது கரையை ஒட்டிப் போடு, புதிதாக மூழ்கிய புல்லையும் தாளையும் மேய மீன் கரைக்கு வரும். இறங்கும்போது பள்ளத்தைத் தேடு, மீன் அங்கே ஒதுங்கும் என்பது அவர் பாடம். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே இரையைப் போட்டாலும் அவருக்கு மட்டும் மாட்டுவதைப் பார்த்து, கைராசி என்றார்கள். கோடை முழுக்க அவர் நடந்த நடையை யாரும் கவனிக்கவில்லை.

விரால் பிடிக்கிற இடம் அணை அல்ல; ஏரியும் குட்டையும்தான். தர்மபுரி இராமக்காள் ஏரிப் பக்கம் அவருடைய தங்கை வீடு இருந்தது. விசேஷத்துக்கு என்று போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பார். விரால் காற்றை வாங்க மேலே வரும் மீன். அல்லிக்கொடிகளுக்கு நடுவில் எழும்பும் குமிழிகளைப் பார்த்து, அது அடுத்து எங்கே வரும் என்று கணித்து, தவளைக்குஞ்சைக் கோத்த முள்ளை அந்த இடத்தில் பூப்போல இறக்குவார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தமிழய்யா அகநானூற்றின் 36ஆம் பாட்டைப் பாடம் நடத்தினார். மதுரை நக்கீரர் பாடியது. தூண்டில் இரையை விழுங்கிய வரி போட்ட ஆண் விரால், ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதற எழும்பிப் பாய்ந்து, வள்ளைக் கொடியைச் சிக்கலாக்கி, இழுப்பவனுக்கு இணங்காமல் கயிறு போட்ட காளையாகக் குளத்தைக் கலக்குவதை அதில் சொல்கிறார். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பொருளைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். “மொதல்ல மேல பாயும், அப்புறம் கொடிக்குள்ள போயி சுத்திக்கும். வரிசை தப்பாம சொல்லி இருக்கான். அவன் தூண்டி போட்டவன்டா சாமி, கரையில நின்னு பாத்தவன் இல்ல” என்றார். அந்தப் பாட்டுக்கு இதைவிடச் சிறந்த உரையை நான் இன்றுவரை படித்ததில்லை.

விராலிடம் அவருக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும், குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று பாய்ந்து கடிக்கும். விரால் பிடிக்க அதைவிடச் சுலபமான சமயம் கிடையாது. தாத்தா தூண்டிலைச் சுருட்டிவிடுவார். பெற்றவற்றை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அப்படிப் பிடிக்கிற ஆட்களோடு அவர் சண்டை போடமாட்டார். அவர்களைப் பற்றி அடுத்த கூத்தில் கட்டியங்காரன் பேசுவான். ஊரே சிரிக்கும்போது அவர்களும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

தோட்டா போட்டு மீன் எடுப்பவர்களிடம் மட்டும் அந்தச் சிரிப்பும் கிடையாது. வெடித்த இடத்தில் தேவையான மீன் பத்து மிதந்தால் தேவையில்லாத குஞ்சு ஆயிரம் அடியில் செத்துக் கிடக்கும். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

ஒகேனக்கல்லுக்கு எங்களைக் கூட்டிப் போவது ஆடிப் பதினெட்டுக்கு. சின்னாறு வந்து காவிரியில் சேருகிற இடத்தில் குளியல், எண்ணெய் மசாஜ் செய்பவர்களோடு பேரம், கோத்திக்கல் பரிசல் துறையில் பரிசலோட்டிகளோடு கேலி. தண்ணீர் அளவோடு ஓடுகிற நாளாக இருந்தால் பரிசல்காரரிடம் துடுப்பை வாங்கி நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிவிடுவார். நாங்கள் அலறுவோம், ஆயா எல்லா சாமியையும் கூப்பிடுவாள். லட்சம் கன அடிக்கு மேல் வருகிற ஆண்டுகளில் அருவி இருக்கிற இடமே தெரியாது. பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது கரையில் நின்று அந்தச் செந்நிற வெள்ளத்தை வெகுநேரம் பார்ப்பார். பார்த்துக்கொண்டே, எந்தப் பாறையின் பின்னால் ஓட்டம் திரும்பிச் சுழிக்கிறது, அதில் மீன் எங்கே ஒதுங்கி நிற்கும் என்று எங்களுக்குக் காட்டுவார்.

அங்கேதான் மஹ்சீர் கதை வரும். காவிரியின் திமில் மஹ்சீர் 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய மீன். முதுகில் திமில், செம்மஞ்சள் வால், பாறைகளுக்கு நடுவே பாய்கிற வெள்ளத்திலும் எதிரேறுகிற உடம்பு. சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மஹ்சீருக்கு அதில் பெரிய இடம். மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்தார். தாத்தாவுக்கு இவர்கள் யாரையும் தெரியாது. இளவயதில், ஒகேனக்கல்லுக்கு மேலே, விடிகிற நேரத்தில் அவருடைய தூண்டிலில் ஒன்று மாட்டியது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் திண்ணையை விட்டு இறங்கிவிடுவார். இடுப்பு வளையும், கால் மணலில் உழும், கை நரம்பை விட்டு விட்டுப் பிடிக்கும். வெயில் ஏறும்வரை அவரை இழுத்துக்கொண்டு போன மீன், பாறை விளிம்பில் நரம்பை அறுத்துவிட்டுப் போனது. எவ்வளவு கனம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். “அது ஒரு தடவ மேல வந்து திரும்புச்சு. நான் அதைப் பாத்தேன், அது என்னைப் பாத்துச்சு. போதும்டா, கல்யாணம் பண்ணிக்கவா போறோம்?” அந்தக் கதையை அவர் ஒவ்வொரு முறையும் தோல்வியில்தான் முடித்தார், ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக முடித்தார்.

இத்தனை பேர் பார்த்த, பிடித்த, பேசிய இந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதிப்பட்டது 2018இல்தான். 2007இல் பாம்பாற்றிலிருந்து ‘டோர் ரெமாதேவி’ என்று விவரிக்கப்பட்ட இனமும் காவிரியின் திமில் மஹ்சீரும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீரின் பெருக்கம் என்று காரணங்களைச் சொல்கிறார்கள். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது என்பது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். தூண்டிலை நேசிக்கிறவன் இதை எழுதத் தயங்க வேண்டியதில்லை. அந்த மீன் இருந்தால்தான் அந்தக் கதைக்கு உயிர்.

பிடித்ததைச் சாப்பிடுவதில் தாத்தாவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பாதி மீன் வழியிலேயே யாருக்காவது போய்விடும். மிச்சம் வருவதை ஆயா சாம்பல் போட்டு உரசிக் கழுவி, தேங்காய் சேர்க்காமல், எங்கள் மரத்துப் புளியும் பூண்டும் வெந்தயமும் நல்லெண்ணெயும் போட்டு மண்சட்டியில் குழம்பு வைப்பாள். ஒகேனக்கல்லில் நாம் வாங்கிக் கொடுக்கிற மீனை அங்கேயே சமைத்துத் தருகிற பெண்களின் கைக்கு நான் அடிமை. ஆனாலும் ஒரு ராத்திரி ஊறிய ஆயாவின் குழம்பைச் சூடான களியில் குழி பறித்து ஊற்றிக்கொண்டால் அதற்கு ஈடு எனக்குத் தெரியாது.

தாத்தா போனபோது கூத்து ஜமா முழுக்க வந்தது. ராத்திரி முழுக்கக் கூத்துப் பாட்டு. பேச்சு தூண்டிலுக்குப் போனது, கூத்துக்கு வந்தது, மறுபடி தூண்டிலுக்குப் போனது. சாவு வீட்டில் அவ்வளவு சிரிப்பு சரிதானா என்று வெளியூர் உறவுக்காரர் ஒருவர் ஆயாவிடம் கேட்டார். “அவரு இருந்தா இதுக்கு மேல சிரிக்க வெச்சிருப்பாரு” என்றாள் ஆயா. அவரோடு நாற்பது வருஷம் வாசித்த மத்தளக்காரர் ஒன்று சொன்னார். கேள்வியைப் போட்டுவிட்டுத் தாத்தா தன் பக்கம் திரும்புவாரே, அப்போது அவர் கண் தன்மேல் இருக்காதாம். காது மட்டும் கூட்டத்தின் பக்கம் இருக்குமாம். முன்வரிசையில் யாரோ ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டதும் வாயைத் திறப்பாராம். தக்கை எங்கே இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது நாகமரைக் கரையில் கார்பன் கழியும் ரீலும் பிளாஸ்டிக் இரையுமாக இளைஞர்கள் வருகிறார்கள். நன்றாகவே வீசுகிறார்கள், தாத்தா கனவு காணாத தூரத்துக்கு இரை போகிறது. சிலர் பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. தூரத்தைப் பார்த்துவிட்டுக் காலடியை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் குறை. தண்ணீர் ஏறுகிற நாளில் மிர்கால் கரையிலிருந்து கழி எட்டுகிற தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். இரையோ அதன் தலையைத் தாண்டிப் போய் விழுகிறது. போன ஆடியில் அவர்களில் ஒரு பையனுக்கு மட்டும் கல்வரப்பு ஓடுகிற கோட்டைக் காட்டிக் கொடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டான். மட்டம் இறங்கும்போது வா, நடந்து பார்க்கலாம் என்றேன். வருகிற கோடையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். புளியமரத்துக் கட்டை உளுத்துவிட்டதா, கிணற்று மேடு வண்டலில் மூடிவிட்டதா என்று எனக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.